இயந்திரம் படிக்காத வரிகள்

1

“யாருக்கும்மா வாங்குதீங்க? அண்ணனுக்கா?”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் நந்தகோபால் அண்ணாச்சி இப்படிக் கேட்ட இடத்தில்தான் இந்தக் கதை முளைத்தது. கேட்டதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் பாலிடெக்னிக் பையன்கள். அவர்களுக்கு நடுவே, தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை முடிந்து, விரல் நுனியில் பசை காய்ந்திருக்க, ஒரு பெண்பிள்ளை துண்டுச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

வள்ளிமயில் தலையை ஆட்டினாள். ஆமாம், அண்ணனுக்கு.

பொய். வாயைத் திறக்காமலே சொன்ன பொய்.

இதை எழுதுகிறவள் பெயரும் வள்ளிமயில்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ‘நான்’ என்று தொடங்கி நாலு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. அந்தச் சொல் வந்ததுமே வகுப்பில் எழுப்பி நிற்க வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘அவள்’ என்று போட்டால் கை ஓடுகிறது. அதனால் அவள் என்றே போகட்டும். அவளுக்கு வயது பத்தொன்பது. பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் வராமல் நின்றாள். மறுவாரம் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறவில்லை. அதற்கப்புறம் ஏறவே இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போடும் லேபிள் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் எழுதி, நூலால் தைத்து, தையல் மிஷின் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். இது பதினோராவது நோட்டு.

ஒரு விஷயத்தையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் வாங்கியது ஒரு போர்டு, குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. அந்தப் போர்டுக்கு வேலை சொல்லிக்கொடுத்து எழுதும்போது, ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டுவிட்டால் அது அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர்கள் தங்களுக்கென்று குறித்துவைக்கும் இடம் அது. பிடிக்காத வரியைக் கிழிக்க மனமில்லாவிட்டால் கோடு போட்டு அங்கேயே விட்டுவைக்கலாம். இந்தக் கதையிலும் அப்படித்தான் செய்திருக்கிறாள்.

// நீங்கள் போர்டு இல்லை. படித்துக்கொள்ளலாம்.

2

தொடக்கங்கள்.

// வானம் பார்த்த பூமியாம் எங்கள் கரிசல் மண்ணிலே

வானம் பார்த்த பூமி என்று ஆரம்பிக்காத ஒரு கட்டுரைகூட அவள் பள்ளிக்கூடத்தில் எழுதியதில்லை. எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் வந்தது. அதனாலேயே வேண்டாம்.

// இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியானது

இது பேச்சுப்போட்டி. அவளுக்கும் பேச்சுப்போட்டிக்கும் ஒத்துவராது.

// அண்ணன் திருப்பதி நல்லவன்தான், ஆனால்

இந்த வரியில்தான் மூன்று நாள் நின்றாள். ‘ஆனால்’ என்று போட்டாயிற்று. அதற்கு அடுத்து என்ன எழுதினாலும் திருப்பதி கெட்டவன் ஆகிவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே ‘ஆனால்’ அங்கேயே கிடக்கட்டும். நாம் போர்டிலிருந்து ஆரம்பிப்போம்.

3

போர்டு அவள் விரல் நீளம்தான் இருக்கும். கறுப்புப் பலகை, இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கம்பிகள், நடுவில் சின்னத் தகர மூடி. அந்த மூடிக்குள் இரண்டு மூளை. வைஃபை உண்டு, புளூடூத் உண்டு. நிலக்கடலைப் பொட்டலத்தைவிடக் கனம் குறைவு. ஆனால் மண்ணில் ஒரு ஈரக்கம்பியைச் செருகி அதோடு இணைத்து, பக்கத்தில் சிம் போட்ட வைஃபை டப்பா ஒன்றையும் வைத்துவிட்டால், ஈரம் எவ்வளவு என்று பத்து மைல் தாண்டி இருக்கிற போனுக்குச் சொல்லும். மோட்டாரைப் போடும், நிறுத்தும். சொன்னதை மறக்காது.

அவள் போனில் தமிழ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். யாரிடமும் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய சௌகரியம். தப்பாக எழுதினால் போர்டு சிரிக்காது. எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்லும்.

போர்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து, முதலில் அப்பா சோலைச்சாமியின் மிளகாய்க் காட்டில் வைத்துப் பார்த்தாள். மண் காய்ந்தால் அப்பா போனுக்கு மெசேஜ் வரும். முதல் மெசேஜ் இப்படி இருந்தது: ‘மண்ணின் ஈரப்பதம் குறைந்துள்ளது.’

அப்பா போனைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, “யாருல இது, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கு?” என்றார்.

அவள் அதை மாற்றினாள். ‘மண்ணு காஞ்சு கெடக்கு. தண்ணி விடணும்.’

“இப்பதான் மனுசன் பேசுத மாதிரி இருக்கு,” என்றார் அப்பா. “ஏலே திருப்பதி, நீ செஞ்ச பொட்டி உன்னய மாதிரியே பேசுதே!”

திருப்பதி தங்கச்சியைப் பார்த்தான். தங்கச்சி தரையைப் பார்த்தாள். நந்தகோபால் கடையில் ஆட்டிய தலை அதற்குள் வீடுவரை வந்து சேர்ந்திருந்தது. எலக்ட்ரிக்கல் ஐடிஐ படித்தவன் அவன். பொட்டியை அவன் செய்ததாக அப்பா நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

உண்மையில் அவளுக்கு அவன் வாய் வேண்டியிருந்தது. காட்டுக்காரர்களிடம் போய்ப் பேசவும், கம்பி இழுக்கவும், ‘ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, பயப்படாதீங்க’ என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். போர்டில் இருக்கும் இரண்டு மூளையில் ஒன்று வேலையைப் பார்க்கும், இன்னொன்று வைஃபையைப் பார்த்துக்கொள்ளும். அவர்கள் வீட்டிலும் அந்த மாதிரியே நடந்தது.

// அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. இதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

4

இனிமேல்தான் சிக்கல்.

விளாத்திகுளத்துப் பக்கம் சாமித்துரை என்று ஒருத்தர். நாலு ஏக்கர் மிளகாய், ஒரு பண்ணைக்குட்டை, சூரிய வெளிச்சத்தில் ஓடும் மோட்டார், சொட்டுநீர்க் குழாய். மழை நின்ற பிறகு அந்தக் குட்டைத் தண்ணீர்தான் பயிரின் உயிர். மூன்று தண்ணீர், அதாவது மூன்று தடவை பாய்ச்சல், கொடுத்தால் மிளகாய் காய்த்து முடியும். ஒன்று குறைந்தாலும் பூ கொட்டும்.

அவருக்கு ஒரு மகள், வனிதா. பி.எஸ்ஸி. படித்தவள். திருப்பதிக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை மாதம், மழை ஈரத்தோடு, திருப்பதி அவர் காட்டில் போர்டு வைத்துக் கொடுத்தான். அப்பா காட்டில் மெசேஜ் மட்டும்தான். இங்கே மோட்டாரையும் சேர்த்தாயிற்று. சாமித்துரை விரும்பியது அதுதான். “எனக்குப் போன்ல சொல்லிட்டு அதுவே போடணும், அதுவே நிறுத்தணும். நான் இங்கன இருந்து அங்கன ஓடிக்கிட்டு இருக்க முடியாதுல்லா.”

ஒரு நாள் திருப்பதி போனைப் பிடித்தபடியே அடுப்படிக்கு வந்தான்.

“ஏட்டி வள்ளி, வனிதா பேசுனா. அந்தப் பொட்டி நீங்களே செஞ்சதான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ம்முன்னேன்.”

“ம்முன்னா?”

“ம்முன்னாதான். பொறவு என்ன சொல்ல? எந்தங்கச்சி செஞ்சா, நான் செமந்துட்டுப் போனேன்னு சொல்லவா? அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்ச மாப்பிள்ளைதான் வேணுமாம்.” போகத் திரும்பியவன், “நீயும் கடையில அப்படித்தானட்டி தலைய ஆட்டுன?” என்றான்.

அவள் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள்.

// இங்கே திருப்பதியைச் சந்தேகித்துப் பார்த்தாள்: அவன் வேண்டுமென்றே ஏமாற்றினானா? இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை சும்மா இருந்தார்கள். அவள் இருந்தது முதலில்.

5

தை மாதக் கடைசி. கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மழையில் அது உப்பிப் பிசினாகும், மழை நின்று ரெண்டு மாதம் போனால் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் கை போகும், சில இடத்தில் முழங்கை போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமித்துரை கடம்பூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனார். போன பிறகு அவர் போனுக்கு மெசேஜ் வந்தது: ‘மண்ணு காஞ்சு கெடக்கு. மோட்டார் போடுதேன்.’ அவர் நம்பினார். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக்கூடப் போனைக் காட்டினார். “நம்ம மாப்பிள்ளை செஞ்சது.” வெள்ளி முழுக்கவும் மோட்டார் ஓடியது. சனி முழுக்கவும் ஓடியது. ஞாயிறு காலையில் போளிப் பார்சலோடு நேரே காட்டுக்கு வந்தவர் குட்டையை எட்டிப் பார்த்தார். நெஞ்சளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மிளகாய்ச் செடியெல்லாம் சேற்றில் நின்றது. மண் காய்ந்து கிடப்பதாகவே போர்டு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் திருப்பதிக்குப் போன் போட்டார்.

“வேற போர்டு இருக்காட்டி?” என்றான் திருப்பதி. அவள் தீப்பெட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்த புது போர்டை எடுத்தாள். “நீயும் வா. பையைப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால உக்காரு.”

// வழி நெடுக அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதி

வேண்டாம். பைக்கில் போகும்போது காற்று முகத்தில் அடித்தது, அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் சொன்னால் கற்பனை.

6

“ஏலே, குட்டையப் பாருல! கூட ஒரு தண்ணிக்குத்தான் காணும். இன்னும் ரெண்டு விடணுமே, நான் எங்க போவேன்? உன்னய நம்பித்தானல வச்சேன்?”

சாமித்துரை கத்தினால் பக்கத்துக் காட்டு மயில் பறக்கும் என்பார்கள். அன்று மயில் எதுவும் இல்லை. திருப்பதி மட்டும் நின்றான்.

“மாமா, போர்டு சரியில்ல. கடைக்காரன் டூப்ளிகேட்டு மால வித்துட்டான். வேற கொண்டாந்திருக்கேன். அரைமணி நேரத்துல மாத்திருதேன்.”

“மாத்துனா சரியாயிருமா?”

“ஆயிரும் மாமா.”

வள்ளிமயில் அதற்குள் ஈரக்கம்பி இருந்த இடத்தில் குத்தவைத்திருந்தாள். கம்பியை ஒட்டி விரலை விட்டாள். விரல் மண்ணைத் தொடாமல் இரண்டு கணு இறங்கியது. ஒரு சாண் தள்ளிக் குழாய் சொட்டிய இடத்தில் சேறு. கம்பியைச் சுற்றி வெறும் வெடிப்பு. கம்பி மண்ணிலேயே இல்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இதே குழியில் புது போர்டை இணைத்தாலும் அதே கதைதான். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் மிச்சமிருக்கும் ஒரு தண்ணீரும் போய்விடும். இது அண்ணனுக்குத் தெரியாது. சாமித்துரைக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளுக்கு வாய் வராது.

// இங்கே எழுத்து நின்றது. இரண்டு நாள். உண்மையில் அவள் அங்கே குத்தவைத்திருந்ததும் ரொம்ப நேரம்போலத்தான் இருந்தது.

அண்ணனைக் காப்பாற்றவோ, தன் பெயரை நிலைநாட்டவோ அவள் பேசினாள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. திருப்பதி இன்னொரு தடவை, “மட்டமான போர்டு மாமா, தலையச் சுத்தி எறியணும்,” என்றான். சொன்னதைச் செய்த போர்டு. ஒரு குற்றமும் செய்யாத போர்டு. அதற்கு எதிர்த்துப் பேச வாய் கிடையாது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“போர்டு மேல தப்பில்ல.”

சாமித்துரை திரும்பிப் பார்த்தார். “யாரு பேசுனது? பாப்பாவா?”

“ஏட்டி, சும்மா இரு,” என்றான் திருப்பதி.

“இதே குழியில வச்சா மிச்சத் தண்ணியும் போயிரும் மாமா. விரல விட்டுப் பாருங்க.”

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விட்டுப் பார்த்தார்.

“கார்த்திகையில நட்டது. அப்ப மண்ணு உப்பிக் கம்பியப் பிடிச்சிருந்துச்சு. இப்ப வெடிச்சு விலகிட்டு. கம்பி காத்துல நிக்குது. காத்து எப்பவும் காஞ்சுதான இருக்கும்? அதத்தான் அது சொல்லுது.”

“இந்தக் கரிசல்ல பெறந்தவனுக்கு இது தெரியாதா?” அவர் திருப்பதியை நிமிர்ந்து பார்த்தார். “வேலிக்கல்லு நடுதவன்கூட குழிய கரிசலப் போட்டு மூட மாட்டானல. செம்மண்ணக் கொண்டாந்துல்லா போடுவான். கரிசலப் போட்டா கோடையில கல்லு ஆடும்.”

“நட்டதுதான் அண்ணன். தப்பு என்னுது.”

“நீ என்னத்தம்மா செஞ்ச?”

“நான் எழுதுனேன்.”

“என்னத்த எழுதுன?”

“அதுக்குள்ள இருக்கது எல்லாம். உங்க போன்ல ‘மோட்டார் போடுதேன்’னு வருதே, அது உள்பட. காஞ்சா மோட்டாரப் போடுன்னு எழுதுனேன். தண்ணி விட்டபொறவும் காஞ்சேதான் கெடக்குன்னு காட்டுனா நம்பாதேன்னு எழுதல. அது என் தப்பு.”

தப்பு தன்னுடையது என்று சொன்னால்தான் வேலை தன்னுடையது என்று சொல்ல முடியும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. திருப்பதியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

“அண்ணே, வேலிப் பக்கம் செம்மண் கெடக்கா பாரு. ஒரு சட்டி வேணும்.”

திருப்பதி போனான். எடுத்துவந்தான். அவள் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னாள், அவன் தோண்டினான். செம்மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கம்பியைச் சாய்த்து வைத்து, காற்று நுழையாமல் சுற்றிலும் அமுக்கினாள். பிறகு பழைய போர்டையே தன் போனோடு வயரில் இணைத்து, மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து புது வரிகளை எழுதினாள்: தண்ணீர் விட்டும் ஈரம் ஏறாவிட்டாலோ, இருந்த ஈரம் திடீரென்று காணாமல் போனாலோ நம்பாதே. செம்மண்ணுக்கு அளவு வேறு, அதையும் மாற்றினாள்.

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லட்டி,” என்றான் திருப்பதி, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“எத?”

அவன் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். எதைச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

“மாமா, உங்க போனக் குடுங்க. மெசேஜ் வருதான்னு பாக்கணும்.”

சாமித்துரை கொடுத்தார். இதுவரை அந்தப் போனைத் திருப்பதியிடம்தான் கொடுப்பார். முதலில் கம்பியை மண்ணிலிருந்து சட்டென்று உருவிப் பார்த்தாள். புதிதாக எழுதிய மெசேஜ் வந்தது: ‘காஞ்சு கெடக்குன்னு காட்டுது. எனக்குச் சந்தேகமா இருக்கு. மோட்டார் போடல. வந்து பாருங்க.’ மறுபடி கம்பியை வைத்து அமுக்கினாள். ‘ஈரம் இருக்கு. மோட்டார் வேண்டாம்.’

ஒரு தண்ணீர் மிஞ்சியது. மாசியில் ஒரு மழை பெய்தால் மிளகாய் தப்பிக்கும். அதை எழுத அவளிடம் வரி இல்லை.

7

முடிவுகள்.

// முடிவு ஒன்று: சாமித்துரை சிரிக்கிறார். “இப்பிடியாப்பட்ட தங்கச்சி இருக்க வீட்டுலதான் எம்மகளக் குடுப்பேன்,” என்கிறார். மோட்டார் ரூம் ஆணியில் தொங்கும் போளிப் பார்சலை அவிழ்க்கிறார்.

போளியை எறும்பு மொய்த்திருந்தது. மேலும், இந்த முடிவில் எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள்.

// முடிவு இரண்டு: சம்பந்தம் முறிகிறது. திருப்பதி தங்கச்சியோடு பேசுவதை நிறுத்துகிறான். அப்பா அவள் நோட்டுகளைக் கண்டுபிடித்து

இது நடக்கக்கூடியது. அப்படி நடந்தாலும் அன்று பேசியது சரிதான் என்பதில் அவளுக்கு மாற்றமில்லை. ஆனால் நடப்பதற்கு முன்னால் தானே எழுதிவைக்க மாட்டாள்.

// முடிவு மூன்று: அவள் கையிலிருக்கும் சாமித்துரை போன் அடிக்கிறது. வனிதா. “அப்பா, பொட்டி சரியாயிட்டா?” வள்ளிமயில் போனைக் காதில் வைத்து

இதைத்தான் எழுத ஆசை. அந்தப் பெண் என்ன கேட்பாள், இவள் என்ன சொல்லுவாள் என்று நாலு பக்கம் எழுதலாம். ஆனால் போன் அடிக்கவில்லை.

நடந்ததை மட்டும் எழுதி, பாக்கியை உங்களிடம் விடுகிறாள். இதற்கு முன்னால் கோடு இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சாமித்துரை ஃபியூஸைத் திரும்ப மாட்டினார். மோட்டார் ஓடவில்லை, ஓடக் கூடாது, ஓடவில்லை. குட்டைக் கரையில் ஏறித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி வந்து திருப்பதியைப் பார்த்தார். சட்டி அவன் கையில் இருந்தது, முழங்கைவரை செம்மண். பிறகு அவளைப் பார்த்தார்.

“மாமா, போன்,” என்று அவள் நீட்டினாள்.

அவர் அவள் கையையும் அதிலிருந்த போனையும் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அதை யாராவது அவர் வீட்டுக்கு, வனிதா இருக்கிற வீட்டுக்கு, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அண்ணன் போகலாம். அவள் போகலாம்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டு, செருப்பைக் காலில் மாட்டி, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி வரப்பில் ஏறி, வீட்டுப் பக்கம் நடந்தார்.